கேட்காமல் வெட்டிய கொடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலைவாணன் என்னைக் கேட்டுவிட்டுத்தான் திராட்சைக் கொடியை வெட்டினார். இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் ஷ்யாமிடம்கூடச் சொன்னதில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும், அது வேறு விஷயம்.

திருப்போரூரில் ஓ.எம்.ஆரை விட்டு உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் வளாகம். எண்பத்து நான்கு வில்லா, ஒரு நீச்சல் குளம், ஒரு பிள்ளையார், ஒரு கேட். வேலைக்கு வருகிறவர்கள் அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் கேட்டில் வைத்திருக்கும் போன் ஆப்பில் அவர்கள் படம் இருக்க வேண்டும். செக்யூரிட்டி ஆறு இலக்க எண்ணைத் தட்டுவார். படம் பச்சைக் கட்டத்துக்குள் வந்தால் உள்ளே விடுவார். சிவப்பில் வந்தால் அந்த ஆள் அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான். தோட்டக்காரர் கலைவாணன் ஏழு வருஷமாகப் பச்சையில் வந்துகொண்டிருந்தவர். பதினோரு வீடுகளில் செடி பார்த்தார். அந்தப் பதினோரு வீடுதான் அவர் பிழைப்பு. ஐம்பத்து நான்கு வயதில் புதிதாக எங்கே போய் வேலை தேடுவார் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை.

கொடியை நான் வாங்கியது நான்கு வருஷத்துக்கு முன்னால். மகாபலிபுரம் போய்விட்டுத் திரும்பும்போது ஈ.சி.ஆர். ஓரத்து நர்சரி ஒன்றில் வாங்கினேன். பன்னீர் திராட்சை. “அடுத்த வருஷமே கொத்துக் கொத்தா தொங்கும்மா” என்று நர்சரிக்காரன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே கம்பிப் பந்தல் போட்டேன். கொடி பந்தலை மூடிக்கொண்டு பக்கத்துச் சுவர் வரைக்கும் ஓடியது. பழம் மட்டும் இல்லை. ஒரு பூ, ஒரு பிஞ்சு, மருந்துக்குக்கூட இல்லை. அதோடு இலையெல்லாம் ஓரம் கருகிக் கருகி உதிர்ந்தது.

எங்கள் வளாகத்தில் தோட்டம் போடுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பிரதீபா தன் வீட்டு டிராகன் பழத்தை வாரா வாரம் படம் பிடித்துப் போடுவாள். ஒருமுறை நான் என் பந்தலைப் போட்டபோது, “என்ன ஸ்ரீதேவி, வெறும் இலைதானா? பேசாம ஒரு ஆடு வாங்கிக் கட்டேன்” என்று எழுதினாள். முப்பது பேர் சிரித்தார்கள். சும்மா விடுவேனா? வேப்பெண்ணெய் அடித்தேன். மீன் அமிலம் ஊற்றினேன், மூன்று நாள் தெருவே நாறியது. புளித்த மோரில் தேங்காய்ப் பால் கலந்து தெளித்தேன். யூடியூபில் ஒருவர் வாழைப்பழத் தோல் என்றார், இன்னொருவர் முட்டை ஓடு என்றார், எல்லாவற்றையும் அந்தக் கொடியின் காலடியில் கொட்டினேன். அது என்னை மதிக்கவே இல்லை.

போன அக்டோபரில் ஒருநாள் கலைவாணன் பந்தலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

“இன்னா மேடம் இது, இந்தக் குழா எங்கேந்து வருது?”

“கிச்சன்லேருந்துண்ணா. ஆர்.ஓ. மெஷின்ல வீணாப் போற தண்ணி. அதைச் செடிக்கு விட்டிருக்கேன்.”

பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. எல்லா வீட்டிலும் ஆர்.ஓ. உண்டு. ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்தால் இரண்டு குடம் வெளியே போகும். அதைச் சாக்கடையில் விடாமல் ஜன்னல் வழியாகக் குழாய் இழுத்துக் கொடிக்கு விட்டவள் நான். அதற்காக எனக்குச் சங்கத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். அது ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

கலைவாணன் குழாயிலிருந்து சொட்டியதை விரலில் பிடித்து நக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்களும் நாக்குல வெச்சிப் பாருங்க மேடம்.”

வைத்துப் பார்த்தேன். கரித்தது.

“போர் தண்ணில கீற உப்பெல்லாம் மெஷினு பிரிச்சி இதுலதான் தள்ளுது. நாலு வருசமா கொடிக்கு உப்பு ஊத்திக்கினு கீறீங்க. இலை ஓரம் பீடி பத்த வெச்சாப்ல கருகாம இன்னா செய்யும்? நீங்க மருந்தடிச்சி பிரயோஜனம் இல்ல. குழாவ புடுங்குங்க, மழ வருது, மண்ணக் கழுவி வுட்ரும்.”

எனக்குச் சுருக்கென்றது. சான்றிதழ் வாங்கியவளிடம் வந்து இப்படிச் சொல்கிறாரே என்று எரிச்சல்கூட வந்தது. ஆனால் ஷ்யாம் அன்றைக்கே குழாயைப் பிடுங்கிவிட்டார். மழை பெய்தது. கலைவாணன் வேரைச் சுற்றிப் பாத்தி கட்டி மழைத்தண்ணீரைத் தேக்கித் தேக்கி விட்டார். மார்கழியில் வந்த புது இலை ஒன்றில்கூடக் கருகல் இல்லை. “எங்கண்ணா கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் பெங்களூர் பக்கம் தொட்டபள்ளாபூரில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தாராம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், “நீங்க கேக்கலியே மேடம்” என்றார்.

பொங்கல் முடிந்து நான்காம் நாள். நான் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தேன். போன் வந்தது. வெளியே வந்து எடுத்தேன்.

“மேடம், கொடிய கவாத்து பண்ணணும். இத்தினி வருசம் வெட்டாம வுட்டதாலதான் வெறும் இலையா கீது. புதுசா வர்ற குச்சிலதான் மேடம் பழம் வுடும். இப்ப வெட்டினா வைகாசில பழம்.”

“சரிண்ணா, செய்ங்க.”

“லேசா இல்ல மேடம், நல்லா ஒட்ட வெட்டணும். மொட்டையா நிக்கும். ஒரு இலை இருக்காது. அப்பால ஏன்னு கேக்கக் கூடாது.”

“அட, செய்ங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததா? நான் மீட்டிங்ல இருக்கேன்.”

“வெட்ன எடத்துல தண்ணி சொட்டும், அதுக்கு—”

“செய்ங்கண்ணா” என்று சொல்லிக் கட் பண்ணினேன். அந்த வாக்கியத்தை அவர் முடித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ. முடிக்க விடாதது நான்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பந்தலைக் காணோம். அதாவது கம்பி இருக்கிறது, கொடி இல்லை. முழங்கை நீளத்துக்கு நாலைந்து குச்சிகள் கம்பியில் கட்டிக் கிடந்தன. மூலையில் இலையும் தண்டுமாக மூன்று மூட்டை. வெட்டிய முனை ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து கார் நிறுத்துகிற தளமே நனைந்திருந்தது. ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே வீடியோ எடுத்தேன், அதுதான் என் லட்சணம்.

“நான்கு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த கொடி. என்னைக் கேட்காமலே தோட்டக்காரர் வெட்டிச் சாகடித்துவிட்டார். பாருங்கள், செடி அழுகிறது.” இப்படி எழுதிக் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் அறுபத்தொரு பேர். அழுகிற முகம், கோபமான முகம், கைகூப்பு. எங்கள் வீட்டிலும் செம்பருத்தியை வெட்டினான் என்று ஒருத்தி. என் வீட்டுப் பூந்தொட்டியை உடைத்தது அவனாகத்தான் இருக்கும் என்று இன்னொருத்தி. பிரதீபா போனே செய்துவிட்டாள். “இதையெல்லாம் சும்மா விடக் கூடாது ஸ்ரீதேவி. ஆப்ல கம்ப்ளெயின்ட்டாப் போடு. நான் பாத்துக்கறேன்.”

புகார்ப் படிவத்தில் நாலு கேள்விகள். மூன்றாவது கேள்வி: உரிமையாளரின் அனுமதி பெறப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டம்.

ஷ்யாம் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “மத்தியானம் அவர் உனக்குப் போன் பண்ணினாரே? நீ சரின்னு சொன்னதா என்கிட்ட சொன்னாரே?”

“இப்படி வெட்டச் சொன்னேனா நான்?”

“கேட்டாரா இல்லையா தேவி?”

“நீங்க சும்மா இருங்க.”

அவர் சும்மா இருந்துவிட்டார். அவரும் அப்படித்தான். நான் ‘இல்லை’ என்பதை அமுக்கினேன்.

மறுநாள் காலை காரில் கேட்டை நெருங்கும்போது கலைவாணன் வெளியே நின்றுகொண்டிருந்தார். பழைய டிவிஎஸ் வண்டி, அதில் கோணிக்குள் சுருட்டிய கத்தரி. காலை ஏழு மணியிலிருந்து எனக்கு ஒன்பது முறை போன் செய்திருந்தார். நான் எடுக்கவில்லை. செக்யூரிட்டியிடம் தன் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இங்க பாரு சார், ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு பேசிக்கீறாங்க. கேக்காம வெட்டுவனா நானு? அவங்களயே கேளு சார்.”

“போன்ல இன்னா பேசினியோ யாருக்குத் தெரியும்? செவப்பா வருது, நான் இன்னா பண்றது? பேஜார் பண்ணாத, கெளம்பு அண்ணாத்த.”

என் காரைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். பாதி இறக்கியிருந்த கண்ணாடியை நான் மேலே ஏற்றினேன்.

பதினெட்டாம் நாள் முளைவிட்டது. செத்துப்போன குச்சி என்று நான் ஊருக்கெல்லாம் சொன்ன குச்சியில், கணுவுக்குக் கணு இளஞ்சிவப்பும் பச்சையுமாக முளை. ஐந்தாறு இலை வந்ததும் இலைக்கு எதிர்ப்பக்கத்தில் கடுகு கடுகாக ஏதோ. பூச்சி முட்டையோ என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பூங்கொத்து. எண்ணினேன். முப்பத்தெட்டு.

அன்றைக்கே எழுதியிருக்கலாம். என் தவறு, அவர் கேட்டார், நான்தான் சொன்னேன் என்று இரண்டு வரி. அறுபத்தொரு பேர் முகம் கண்முன்னால் வந்தது. பழுக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். காய் மிளகளவு ஆனது, பட்டாணியளவு ஆனது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன். மே மாதம் கொத்துகள் கருநீலமாகத் தொங்கின. படம் எடுத்துப் போட்டேன். கை சும்மா இருக்குமா?

“அப்போ அந்த ஆளு வெட்டினது நல்லதுக்குத்தானா?” என்று ஒருவர் எழுதினார்.

பிரதீபா எனக்கு முன்னாலேயே பதில் போட்டுவிட்டாள். “அவன் சாகடிச்சதை ஸ்ரீதேவி பிழைக்க வெச்சிருக்கா. நாலு மாச உழைப்பு!” நான் மறுக்கவில்லை. கைகூப்பு ஒன்று போட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுசில் என்னை வகுப்பெடுக்கச் சொன்னார்கள். ‘வீட்டில் திராட்சை: சிக்கல்களும் தீர்வும்.’ இருபத்தைந்து பேர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை விடாதீர்கள், நாக்கில் வைத்துப் பாருங்கள் என்றேன். புதிதாக வருகிற குச்சியில்தான் பழம் விடும், ஒட்ட வெட்டுங்கள், மொட்டையாக நின்றால் பயப்படாதீர்கள், தண்ணீர் சொட்டுவது சாவதில்லை, வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றேன். கடைசி ஒன்று மட்டும் நான் பிறகு படித்தது. மற்றதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

ஐம்பத்தாறாம் நம்பர் வில்லாவில் சுப்புராமன் என்று ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் எழுந்தார். “ஒட்ட வெட்டணும்னு நீங்களே சொல்றீங்க. அந்தத் தோட்டக்காரரும் ஒட்டத்தானே வெட்டினார்? அப்போ அவர் செஞ்சது சரிதானேம்மா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிரதீபா முன்வரிசையில் இருந்தாள்.

“வெட்டினது சரிதான் சார்” என்றேன். “ஆனா என்னைக் கேட்கலையே.”

அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கை தட்டினார்கள். ஜனவரியில் அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்ன பொய்யை இன்றைக்கு நிதானமாக, மைக்கில் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு எவர்சில்வர் டப்பா நிறையப் பழத்தை அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். கலைவாணன் வீடு செம்பாக்கம் போகிற வழியில், காலனியில் இரண்டாவது தெரு. விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். அவர் மனைவி மேரி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும், “வாங்க மேடம், உள்ள வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுவரில் ஆணியில் அந்தக் கத்தரி தொங்கியது, எண்ணெய் போட்டுத் துடைத்து.

கலைவாணன் பின்பக்கத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தார். இளைத்திருந்தார். விரலெல்லாம் சிமென்ட் தின்று வெடித்திருந்தது. ப்ளாட் போட்டு விற்கிற இடத்தில் எல்லைக்கல் நடுகிற வேலையாம்.

“நல்லா கீறீங்களா மேடம்?”

“இருக்கேண்ணா. பழம்... உங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும்னு.”

டப்பாவைத் திறந்து ஒரு கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “நடுவுல பொடிக் காய கிள்ளி வுடலியா? மொளகு சைசுல கீறசொல்லவே கிள்ளணும். பாருங்க, நெருக்கிக்கினு வெடிச்சிக்கீது.”

“எனக்குத் தெரியலைண்ணா.”

“தெர்ஞ்சவனத்தான் உள்ள வுடலியே.” கொத்தை டப்பாவில் பழையபடி வைத்தார். ஒரு பழம்கூடக் கிள்ளவில்லை.

“நான் புகாரை வாபஸ் வாங்கிடறேன்ணா. எழுதிக் கொடுத்துடறேன்.”

“இன்னான்னு எழுதுவீங்க?”

“ஏதோ தெரியாம நடந்துபோச்சு, இப்ப சமாதானமாயிடுச்சுன்னு...”

“இன்னா தெரியாம நடந்திச்சி மேடம்?” குரல் உயரவில்லை. “நான் கேட்டேன். மொட்டையா நிக்கும்னு சொன்னேன். நீங்க செய்ங்கண்ணான்னீங்க. அத எழுதுவீங்களா?”

நான் டப்பாவின் மூடியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தேன்.

“ஈ.சி.ஆர்.ல ஒரு ரிசார்ட்டுல தோட்ட வேல கேட்டேன். அங்கயும் அதே ஆப்பு. நம்பர தட்னா செவப்பு. கேக்காம வெட்றவன்னு போட்டுக்கீதாம். கோவளத்துலருந்து மாபல்லிபுரம் வரிக்கும் எனக்கு செடி வேல இல்ல மேடம். முப்பது வருசம் கத்தரி புடிச்ச கை. திருடினேன்னு சொல்லியிருந்தாகூட பரவால்ல, இல்லன்னு சண்ட போட்டிருப்பேன். இதுக்கு இன்னா சாட்சி வெக்கறது? நீங்கதான் சாட்சி.”

“எழுதறேன்ணா. கண்டிப்பா எழுதறேன்.”

“எழுதிட்டு வாங்க. அப்பால பழம் துன்றேன்.”

மேரி டப்பாவை மூடி, அப்படியே என்னிடம் நீட்டினாள். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோன பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள், ஒரு கரண்டிச் சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். இது நிறைந்தபடியே திரும்பி வந்தது. அதை வாங்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தேன்.

அங்கேயே போனை எடுத்து எழுதினேன். ‘கலைவாணன் என் அனுமதியோடுதான் கொடியை வெட்டினார். அனுமதி இல்லை என்று நான் சொன்னது பொய்.’ மூன்று முறை படித்தேன். பிரதீபாவின் முகம் வந்தது, கைத்தட்டல் வந்தது, சுப்புராமன் சார் தலையாட்டியது வந்தது. இரண்டாவது வாக்கியத்தை அழித்தேன். அது இல்லாமல் முதல் வாக்கியம் மட்டும் எப்படி நிற்கும்? அதையும் அழித்தேன். வீட்டில் வைத்து நிதானமாக எழுதலாம் என்று வண்டியை எடுத்தேன். பழம் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் இருந்து சுருங்கியது. உரக்குழியில் கொட்டினேன். ஷ்யாம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஜூன் கடைசியில் கொடி மறுபடியும் காடாகப் படர்ந்தது. வெட்ட வேண்டிய நேரம். கலைவாணன் பார்த்த வீடுகளை இப்போது ஜோயல் பார்க்கிறார், நாற்பது வயதிருக்கும், அதே காலனிக்காரர். கூப்பிட்டுக் காட்டினேன்.

“வெட்ட மாட்டேன் மேடம்” என்றார்.

“ஏன்? வெட்டத் தெரியாதா?”

“தெரியும். கலைவாணன் அண்ணாத்ததான் சொல்லிக் குடுத்தாரு. அவரு இத வெட்டிட்டுத்தான வெளிய போனாரு? எனக்கும் புள்ள குட்டிங்க கீது.”

“நான்தானே வெட்டச் சொல்றேன் ஜோயல்? வாயால சொன்னா போதாதா?”

“வாயால சொன்னா ஆவாது மேடம்.” கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் நின்றார். “எழுதிக் குடுங்க. வெட்றேன்.”

எனக்கு முகம் சுட்டது. போய்யா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இன்னும் பத்து நாள் விட்டால் இந்தப் போகம் போச்சு. பிரதீபா வேறு, அடுத்த பழம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உள்ளே போய் ஷ்யாமின் டைரியில் ஒரு தாளைக் கிழித்தேன்.

‘ஜோயல் என் அனுமதியோடுதான் கொடியை வெட்டுகிறார்.’ கையெழுத்து, தேதி, வில்லா நம்பர்.

ஜோயல் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு ஏணியைச் சாத்தி வெட்ட ஆரம்பித்தார்.

எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெயரை மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது.